எறும்பின் பாதையை அடைத்த பிறகு தோடை மரங்களில் கண்டவை

தோடை, நாரத்தை, தேசி, ஜம்போலை ஆகிய ஒரே குடும்பத்து மரங்களை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர், அவற்றின் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவது தெளிகருவியின் வேலை என்றே எண்ணுகிறார்கள். இலங்கை மலைநாட்டில் பண்டாரவளையிலிருந்து எல்ல பக்கமாக இறங்கும் சரிவில், ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில், தேயிலை மலைக்கும் மரக்கறிப் பாத்திகளுக்கும் நடுவே எங்கள் குடும்பம் பராமரிக்கும் சிறு தோட்டத்தில் நான் கற்றுக்கொண்டது வேறு. மரத்தைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்னும் பூச்சிகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. அவற்றை வேலை செய்ய விடாமல் தடுத்தவை இரண்டு: ஒன்று நாங்கள் அடித்த மருந்து, மற்றது எறும்பு. மருந்தைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். எறும்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பதால் அதற்கே இங்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

எங்கள் மரங்கள் மருந்துக்குப் பழகிய மரங்கள். உருளைக்கிழங்குக்கும் போஞ்சிக்கும் கலக்கிய மருந்தில் வாளியின் அடியில் மிஞ்சுவதைத் தோடை மரத்துக்கு அடித்துவிடுவது இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் நடந்துவந்த வழக்கம். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்துக்கும் பீடைநாசினிகளுக்கும் இறக்குமதித் தடை வந்தபோது அந்த வழக்கம் தானாக நின்றது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்ட பிறகும் விலை எட்டாத உயரத்திலேயே இருந்ததால், வாங்கிய கொஞ்ச மருந்தும் மரக்கறிக்கே போயிற்று. அந்தத் தடையை நான் நியாயப்படுத்த வரவில்லை. அது மரக்கறிச் செய்கையாளரின் முதுகை முறித்தது, தேயிலையையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் மருந்து விழாத தோடை மரங்களில் என்ன நடக்கிறது என்பதை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு அதனால்தான் கிடைத்தது. முதற்பருவத்தில் மரங்கள் முன்னைவிட மோசமாகவே தெரிந்தன. இலைகளில் கரி படிந்ததுபோலக் கரும்பூசணம், இளந்தண்டுகளில் பச்சைச் செதிற்பூச்சி, கொழுந்தில் அழுக்கணவன். அடுத்த பருவத்தில் சில மரங்கள் தெளிந்தன, சில தெளியவில்லை. ஒரே மண், ஒரே மழை, ஒரே உரம். தெளியாத மரங்களின் அடித்தண்டில் மட்டும் எறும்பு இடைவிடாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இதன் காரணம் நுட்பமானதன்று. அழுக்கணவன், மாவுப்பூச்சி, பச்சைச் செதிற்பூச்சி போன்ற மென்மையான செதிற்பூச்சிகள் ஆகியவை மரத்தின் சாற்றை உறிஞ்சி, தமக்குத் தேவைப்படாத சர்க்கரையை இனிப்பு நீராகக் கழிக்கின்றன. எறும்புக்கு அது உணவு. எனவே எறும்பு அந்தக் கூட்டத்தைக் காவல் காக்கிறது. பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டுகிறது, முட்டையிட வரும் ஒட்டுண்ணிக் குளவியை அமர விடுவதில்லை, பொறிவண்டின் முட்டைகளையும் புழுக்களையும் தூக்கிச் செல்கிறது. இன்னும் முக்கியமான ஒன்றுண்டு: இனிப்பு நீரைத் தேடி எறும்பு கிளை கிளையாகத் திரிவதால், இனிப்பு நீர் சுரக்காத வேறு பூச்சிகளைத் தேடிவரும் ஒட்டுண்ணிகளும் தொந்தரவுக்குள்ளாகின்றன. சிவப்புச் செதிற்பூச்சிக்கும் எறும்புக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. இருந்தும் எறும்பு மிகுந்த மரத்தில் அதுவும் பெருகுவது இதனால்தான். எறும்பு எந்த மரத்திலும் சாற்றை உறிஞ்சுவதில்லை, இலையைக் கடிப்பதில்லை என்று சொல்லி அதை விட்டுவிடுவோர் இந்தக் காவல் வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

எறும்பு எப்போதுமே கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. தென் சீனத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பைப் பைகளில் போட்டுச் சந்தையில் விற்றார்கள் என்றும், அந்த எறும்பு இல்லாத தோடை மரத்தில் பழங்கள் பூச்சியால் கெடும் என்றும் கி.பி. 304ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு தாவர நூல் கூறுகிறது. பழத்தைத் துளைக்கும் வண்டுகளையும் நாவாய்ப் பூச்சிகளையும் வேட்டையாடுவதில் முசுறுக்கு நிகரில்லை. ஆனால் அதே முசுறு செதிற்பூச்சிகளையும் பேணும். எங்கள் தோட்டத்தில் முசுறு இல்லை. இருப்பவை மண்ணில் புற்று வைத்து, மரத்தின் தண்டு வழியாக வரிசையாக ஏறும் சிறிய கறுப்பெறும்புகள். பின்வருவன அவற்றைப் பற்றியவை.

தண்டில் கிறீஸ் பட்டை கட்டுவதுதான் நாங்கள் செய்த முதல் வேலை. இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கிறீஸை நேரே மரப்பட்டையில் பூசக் கூடாது. இளமரத்தின் பட்டை அதனால் வெந்து வெடிக்கும். நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒரு சாண் அகலமான பழந்துணியை முதலில் இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் தடித்த பொலித்தீனைச் சுற்றிக் கயிற்றால் கட்டி, கிறீஸைப் பொலித்தீனின் மீதுதான் பூச வேண்டும். துணியைச் சுற்றுவது மரப்பட்டையின் பள்ளங்களை அடைப்பதற்காக. அது இல்லாவிட்டால் எறும்பு பொலித்தீனுக்கு அடியில் சுரங்கப்பாதை கண்டுபிடித்துவிடும். இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது பட்டையைப் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் தூசியும் சருகும் ஒட்டி அதன்மேல் பாலம் போட்டுவிடும். அப்போது மேற்படையை வழித்து எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை முழுவதையும் அவிழ்த்து, தண்டை உலர விட்டு, முன்பு கட்டிய இடத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ கட்டுவது நல்லது. வளரும் மரத்தின் தண்டைக் கயிறு அறுத்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம், ஈரம் தங்கி மரப்பட்டை அழுகக் கூடாது என்பது மற்றொரு காரணம்.

பட்டை கட்டிய பிறகும் எறும்பு மேலே இருக்கிறதே என்று குறைப்படுவோர், பெரும்பாலும் தாழ்ந்த கிளைகளை மறந்தவர்களாகவே இருப்பார்கள். நிலத்தையோ புல்லையோ தொடும் ஒரே ஒரு கிளை போதும், பட்டையால் பயனே இல்லை. முழங்கால் உயரத்துக்குக் கீழே தொங்கும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். வேலியில் உரசும் கிளையையும், பக்கத்துச் சவுக்கு மரத்தைத் தொடும் கிளையையும், காய்ச் சுமைக்காக முட்டுக்கொடுத்த கம்பையும் பார்க்க வேண்டும். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கைகளுக்கு இது பெரிய வேலையன்று, ஆனால் தேயிலையைப் போல மேலிருந்து மட்டமாக வெட்டிவிடாமல், கீழ்க்கிளைகளை மட்டும் தண்டோடு ஒட்டி எடுக்க வேண்டும்.

புற்று மரத்தடியிலேயே இருந்து, பட்டைக்கு மேலும் எறும்பு கூடு வைத்திருந்தால் இரை வைக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் 250 கிராம் சீனியும் 10 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பஞ்சில் நனைத்து, துளையிட்ட சிறு டப்பாவுக்குள் வைத்து, எறும்பு செல்லும் வழியில் வைப்பதே முறை. கரம் பலகைக்குத் தூவும் பவுடரின் உறையில் போரிக் அமிலம் என்று எழுதியிருந்தால் அதையே பயன்படுத்தலாம். போரிக் அமிலத்தைக் கூட்டினால் வேகமாகச் சாகும் என்று நினைத்து அள்ளிப் போடுவோர் உண்டு. அப்படிச் செய்தால் இரையைத் தின்ற எறும்பு புற்றுக்குப் போகும் முன்பே செத்துவிடும், புற்றுக்குள் இருக்கும் இராணியும் குஞ்சுகளும் தப்பிவிடும். மெதுவாக வேலை செய்வதே அதன் பயன். பிள்ளைகளும் கோழிகளும் நாயும் எட்டாதபடி டப்பாவை மூடி வைக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்; லயத்துப் பிள்ளைகள் சீனித் தண்ணீரைக் கண்டால் விடமாட்டார்கள்.

வரிசையில் ஒன்றுவிட்டு ஒரு மரத்துக்குப் பட்டை கட்டி, மற்றவற்றை அப்படியே விட்டோம். சில கிழமைகளிலேயே வேறுபாடு தெரிந்தது. பட்டை கட்டிய மரங்களின் கொழுந்தில் பொறிவண்டுகளும், அவற்றின் புழுக்களும், மெல்லிய நூலின் நுனியில் நிற்கும் வெண்முட்டைகளும் தென்பட்டன. அந்த முட்டைகள் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியினுடையவை. ஒன்றையொன்று தின்றுவிடாமல் இருக்க இப்படித் தனித்தனி நூலில் இடப்படுகின்றன. கரும்பூசணம் உடனே மறைவதில்லை. அது வாழ்வது இனிப்பு நீரின் மேல். இனிப்பு நீர் வருவது நின்றால், மழையில் கரைந்தும் காய்ந்து உதிர்ந்தும் இலை மெல்லத் தெளியும். அதைப் பார்த்துவிட்டுப் பூசணத்துக்கென்று பங்கசுநாசினி வாங்கி அடிப்பது வீண் செலவு மட்டுமன்று, கெடுதலும்கூட. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இயற்கை எதிரிகளை நம்பிப் பயிர் வைப்பவர் முதலில் பெற வேண்டியது கண். எங்கள் மாமி தேயிலைக் கொழுந்தில் பூச்சி தொட்ட இலையை எட்டடி தூரத்திலிருந்தே காட்டிவிடுவார், ஆனால் பொறிவண்டின் புழுவைக் கண்டதும் அவர் சொன்னது, "இது என்னா முதலைக்குட்டி மாதிரி! நசுக்கிப் போடு தம்பி" என்பதுதான். அவர் சொன்ன உருவம் சரியானது. கறுத்து, நீண்டு, ஆறு கால்களோடு, மஞ்சள் புள்ளிகளோடு இருக்கும் அந்தப் புழு வண்டைப் போல இருப்பதில்லை, ஆனால் வண்டைவிட அதிகம் தின்கிறது. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவோ, உடல் முழுதும் வெள்ளை மெழுகு இழைகளோடு, பெரிய மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். மாவுப்பூச்சி அசைவதே தெரியாது, இது ஓடும். அந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் போதும். அழுக்கணவனின் நடுவில் கால்களின்றி அட்டையைப் போல நெளியும் பச்சைப் புழுவும் நம் பக்கத்ததே. பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடி பறக்கும், தேனீயைப் போன்ற வரிகொண்ட ஈயின் குஞ்சு அது. முதுகில் குப்பையைச் சுமந்துகொண்டு நடக்கும் சிறு உருண்டையைக் கண்டால் அதையும் விட்டுவிடுங்கள். செத்த பூச்சிகளின் தோலைப் போர்த்துக்கொண்டு வேட்டையாடும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் ஒருவகைப் புழு அது.

ஒட்டுண்ணிக் குளவிகளைக் கண்ணால் பார்ப்பது அரிது. பல இனங்கள் ஒரு மில்லிமீற்றர் நீளம்கூட இராது. மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களையும் உயிரிழந்தவர்களையும் நாம் அறிவோம் என்பதால், 'குளவி நல்லது' என்று சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. இவை கொட்டுவதில்லை, கூட்டமாக வாழ்வதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அவற்றைத் தேடுவதைவிட அவை விட்டுச் செல்லும் அடையாளத்தைத் தேட வேண்டும். பச்சைச் செதிற்பூச்சி இளம்பச்சையாக, ஊடே ஒளி தெரிய இருந்தால் உயிரோடிருக்கிறது. கறுத்திருந்தால் உள்ளே குளவியின் குஞ்சு வளர்கிறது, வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. அழுக்கணவன் பழுப்பு நிறமாக உப்பி, இலையோடு ஒட்டிக் காய்ந்திருந்தால் அதுவும் அப்படியே. சிவப்புச் செதிற்பூச்சியின் மேலோட்டைக் குண்டூசியால் மெல்ல நிமிர்த்தினால், செத்த பூச்சியின் பக்கத்தில் குளவியின் கூட்டுப்புழுவும், அது கழித்த கரிய துகள்களும் தெரியும். இது ஏபைட்டிஸ் என்ற சிறு மஞ்சள் குளவியின் வேலை. பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கைவில்லை இருந்தால் எல்லாவற்றையும் பார்க்கலாம். நான் இப்போது மருந்து வேண்டுமா என்று முடிவெடுப்பது பூச்சியின் எண்ணிக்கையை வைத்தல்ல. மரத்தின் நான்கு பக்கத்திலும் சில கிளைகளைப் பார்த்து, கறுத்தவையும் துளையிட்டவையும் எவ்வளவு என்று கணித்த பிறகே. அவற்றின் பங்கு கிழமைக்குக் கிழமை கூடிவந்தால், உயிரோடிருப்பவை எத்தனை இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் ஊவா மாகாணம் ஐப்பசி மழை தொடங்கி மார்கழி வரை நனையும்போது, பச்சைச் செதிற்பூச்சிக்கு இன்னொரு எதிரி வருகிறது. செத்த பூச்சியைச் சுற்றி வெள்ளை வளையம் பூத்ததுபோலத் தோன்றும் பங்கசு அது. பார்ப்பவர் அதை மரத்தின் நோய் என்று எண்ணிச் செப்பு கலந்த பங்கசுநாசினியை அடித்துவிடுகிறார்கள். அந்த வெள்ளைப் பங்கசு இலையைத் தொடுவதில்லை. பூச்சியை மட்டுமே கொல்கிறது. செப்பு அடித்த மரத்தில் அந்தப் பங்கசு அழிந்து, பூச்சி மழைக்காலத்தையும் கடந்துவிடும். மேலே கரும்பூசணத்துக்கு மருந்து வேண்டாம் என்று நான் சொன்னதன் காரணம் இதுதான். தேசியில் சொறிநோய் கடுமையாகி, செப்பு தவிர்க்க முடியாதபோது, அதைத் தேசிக்கு மட்டும் அடிக்கிறேன், தோடைக்கு அடிப்பதில்லை.

தோடை மரத்தின் பூச்சிகளில் எல்லோருக்கும் தெரிந்தது, முதலில் பறவை எச்சத்தைப் போலவும் பின்னர் பச்சையாகவும் தோன்றி, தொட்டால் சிவந்த கொம்பை நீட்டி நாறும் வண்ணத்துப்பூச்சிப் புழு. காய்க்கும் மரத்தில் அது தின்னும் இலை ஒரு பொருட்டே இல்லை. நட்டு ஓரிரு ஆண்டுகளே ஆன கன்றில் நாலைந்து புழுக்கள் சேர்ந்தால் மொட்டையாக்கிவிடும். கன்றுகளில் கையால் பொறுக்குவதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் முட்டைகளைக் கண்டதும் தேய்த்துவிடாதீர்கள். மங்கிய மஞ்சளாக இருக்கும் முட்டையை எடுங்கள், கறுத்த முட்டையை விடுங்கள்; கறுத்ததற்குள் இருப்பவை புழுக்களல்ல, அடுத்த முட்டைகளைத் தேடிப் போகவிருக்கும் குளவிகள். கறிவேப்பிலையிலும் வில்வத்திலும் இதே புழு வளர்வதால் அந்தக் குளவிகளும் அங்கிருந்து வந்து சேர்கின்றன.

இலையில் வெள்ளிக்கோடு கிழித்துச் சுருட்டும் சுரங்கப் புழுவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது தெற்காசியாவுக்குப் புதிதன்று. 1856இல் அதற்கு அறிவியற்பெயர் சூட்டப்பட்டதே கல்கத்தாவில் கிடைத்த மாதிரியைக் கொண்டுதான். எனவே அதன் ஒட்டுண்ணிகளும் இங்கேயே உண்டு. புழு இலைத்தோலுக்கு அடியில் இருப்பதால் மேலே படும் மருந்து அதை எட்டுவது கடினம், மேலே திரியும் ஒட்டுண்ணியையோ எளிதாக எட்டும். பெரிய மரத்தில் இலை அசிங்கமாகத் தெரிவதைத் தவிர விளைச்சல் பெரிதாகக் குறைவதில்லை. தளிர் ஒரே சமயத்தில் வந்து ஒரே சமயத்தில் முற்றும்படி, யூரியாவை அளவோடு போட்டு, நீர்க்கொம்புகளை அவ்வப்போது கிள்ளிவிட்டால் புழுவுக்கு இடையறாத இளந்தளிர் கிடைக்காது. அவ்வளவுதான்.

நகரத்து விவசாய மருந்துக் கடையில் நான் ஒருமுறை, "முதலாளி, பொறிவண்டு வாங்கக் கிடைக்குமா?" என்று கேட்டபோது அவர் சிரித்தார். அது சிரிப்புக்குரிய கேள்வி அல்ல. பூச்சியைக் கொண்டுவந்து பூச்சியை அடக்கியதில் உலகப் புகழ் பெற்ற முதல் வெற்றியே தோடைத் தோட்டத்தில்தான் நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1868 அளவில் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்த, பஞ்சு மெத்தையைப் போன்ற முட்டைப்பையைச் சுமக்கும் ஒரு செதிற்பூச்சியால் அங்கே தோடைத் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. 1888இல் அல்பர்ட் கோபலே என்பவர் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே அந்தப் பூச்சியைத் தின்னும் ரொடோலியா கார்டினாலிஸ் என்ற சிறு செம்பொறிவண்டைக் கப்பலில் அனுப்பி வைத்தார். முதலில் போய்ச் சேர்ந்தவை சில நூறு வண்டுகளே; ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் மீண்டன. கதையின் மறுபாதியைச் சொல்வோர் குறைவு: 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. என்ற பூச்சிமருந்தை அடிக்கத் தொடங்கியதும் வண்டு செத்தது, மறைந்துபோன செதிற்பூச்சி திரும்பி வந்தது.

இதே கதையின் இரு பாதிகளும் நம் மலைகளிலேயே நடந்திருக்கின்றன. தேயிலை இலைகளைப் பின்னிச் சுருட்டும் புழுவை அடக்க, 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. அது நிலைபெற்றதும் சுருட்டுப்புழு பெருந்தொல்லை என்ற நிலையிலிருந்து இறங்கியது. பிறகு, கிளையைத் துளைக்கும் வண்டுக்காக டில்ட்ரின் என்ற பூச்சிமருந்து தெளிக்கப்பட்ட தேயிலை மலைகளில் அதே சுருட்டுப்புழு மீண்டும் கிளம்பியது. அண்மைக்கால எடுத்துக்காட்டு பப்பாசி. 2008இல் நாட்டுக்குள் வந்து பப்பாசியையும் வீட்டுத் தோட்டங்களையும் வெள்ளையாக மூடிய மாவுப்பூச்சியை அடக்கியது மருந்தன்று. அடுத்த ஆண்டு விவசாயத் திணைக்களம் தருவித்து விட்ட அசெரோபாகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிதான். ஆயினும் இப்படிக் கொண்டுவருவது தனியாள் செய்யும் வேலையன்று. வெளிநாட்டிலிருந்து எந்த உயிர்ப்பூச்சியையும் அனுமதியின்றிக் கொண்டுவருவதை 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, அது தடுக்க வேண்டியதே. நம்மால் முடிந்தது, உள்ளூரிலேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவது. துளையிட்ட, கறுத்த செதிற்பூச்சிகள் நிறைந்த ஒரு குச்சியை வெட்டி, தொல்லை மிகுந்த மரத்தின் கிளையில் கட்டிவிடுவேன். குச்சி காய்வதற்குள் குளவிகள் வெளியேறிவிடும். உயிருள்ள செதிற்பூச்சிகளும் கூடவே போய்விடாதபடி, தோட்டத்துக்குள்ளேயே, ஏற்கெனவே அதே பூச்சி உள்ள மரத்துக்குத்தான் இப்படி மாற்ற வேண்டும்.

ஒட்டுண்ணிக் குளவிகளின் குஞ்சுகள் பூச்சியைத் தின்றாலும், வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும். அந்தரத்தில் நிற்கும் ஈக்களுக்கும் அப்படியே. அதற்காகத் தனியே பூந்தோட்டம் போட வேண்டியதில்லை. பாத்தியின் ஓரத்தில் கொத்தமல்லியையும் கரட்டையும் கொஞ்சம் பிடுங்காமல் விட்டு, குடைபோலப் பூக்க விட்டால் போதும். மரத்தடியில் நீலமும் வெண்மையுமாகப் பூக்கும், சிங்களத்தில் ஹுலந்தலா எனப்படும் களையைக் களைநாசினியால் கருக்காமல், கத்தியால் உயரத்தைக் குறைத்து விட்டுவிடுகிறோம். தென் சீனத்துத் தோடைத் தோட்டங்களில் இதே களையை வேண்டுமென்றே வளர்த்தார்கள். இலையைச் சுரண்டும் செஞ்சிற்றுண்ணியைத் தின்னும் வேறொரு சிற்றுண்ணி அதன் பூந்தூளை உண்டு வாழ்கிறது. பாதையோரத்து மரங்களுக்கு மட்டும் இவை எதுவும் போதாது. தார் போடாத தோட்டப் பாதையில் லொறி போகும்போதெல்லாம் எழும் தூசி இலையில் படிந்தால் ஒட்டுண்ணிகளால் நடந்து தேட முடிவதில்லை, சிற்றுண்ணியும் செதிற்பூச்சியும் பெருகுகின்றன. வறண்ட மாதங்களில் பீலித் தண்ணீரைக் குழாயால் பீய்ச்சி அந்த மரங்களைக் கழுவி விடுவதே எங்கள் மருந்து.

இந்த வழி எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். தளிரில் பின்புறத்தைத் தூக்கியபடி சாய்ந்து அமரும் சில்லிட் என்ற சிறு பூச்சி, மரத்தையே கொல்லும் கிறீனிங் நோயைப் பரப்புகிறது. டமரிக்ஸியா ரேடியேட்டா என்ற ஒட்டுண்ணி அதன் குஞ்சுகளைக் கொல்கிறது. இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் அதை 1970களில் கொண்டுபோய் விட்டுப் பெரும் பயன் கண்டார்கள். ஆனால் நோய் ஏற்கெனவே உள்ள ஊரில், தப்பிய சில பூச்சிகளே நோயைக் கடத்தப் போதும். இலை நரம்பின் இரு பக்கமும் ஒத்துப் போகாத மஞ்சள் திட்டுகளும், கோணலாகி அடிப்பக்கம் பச்சை மாறாத பழங்களும் கண்ட மரத்தை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, நோய் உறுதியானால் பிடுங்குவதே வழி. நோயற்ற ஒட்டுக்கன்றை மட்டுமே நட வேண்டும், தோடைக்குப் பக்கத்தில் வேலியாக, சில்லிட் வாழும் எட்டேரியாச் செடியை வைக்கக் கூடாது. கறிவேப்பிலையிலும் சில்லிட் வாழும். அதை வெட்டச் சொன்னால் எங்கள் வீட்டில் என்னை வெட்டிவிடுவார்கள் என்பதால், அதன் தளிரை அடிக்கடி பறித்துச் சமையலுக்குப் பயன்படுத்துவதோடு நிறுத்திக்கொண்டோம். பழ ஈயும் அப்படித்தான். விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி, பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுவதும், ஆண் ஈக்களை மணத்தால் இழுக்கும் மெதைல் யூஜினோல் பொறி வைப்பதும்தான் அங்கே வேலை செய்கின்றன.

மருந்து தேவைப்படும் நேரமும் உண்டு. அப்போது முழு மரத்துக்கும் அடிக்காமல், பூச்சி திரண்ட கிளைக்கு மட்டும், வெள்ளெண்ணெய்ப் பாற்கரைசலையோ சவர்க்காரக் கரைசலையோ மாலையில் அடிக்கிறேன். இவை மேலே பட்ட பூச்சியை மூச்சுத் திணறச் செய்து கொல்பவை. காய்ந்த பிறகு வரும் பொறிவண்டுக்கும் குளவிக்கும் நஞ்சாக நிற்பதில்லை. வெயிலிலும், தண்ணீரின்றி வாடிய மரத்திலும் எண்ணெய் அடித்தால் இலை கருகும் என்பதால் முதலில் ஒரு கிளையில் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள்கணக்கில் நஞ்சு நிற்கும் செயற்கைப் பைரித்ராய்டுகளையும், வேர் வழியாக மரமெங்கும் பரவும் இமிடாகுளோபிரிட்டையும் தோடையில் தவிர்க்கிறேன். பக்கத்து மரக்கறிப் பாத்திக்கு மருந்தடிப்பவரிடம், காற்று எங்கள் பக்கம் வீசாத அதிகாலையில் அடிக்கும்படி கேட்டுக்கொண்டதும், பாத்தியை ஒட்டிய வரிசைக்கு முன்னால் கிளிரிசீடியா வேலி வளர்த்ததும் எந்தப் பட்டையையும்விடக் குறைந்த பலன் தந்த வேலைகளல்ல.

விற்பனையில் ஒரு சங்கடம் இருக்கிறது. பழத்தின் தோலில் செதிற்பூச்சியின் தழும்போ சிற்றுண்ணி சுரண்டிய தடமோ இருந்தால் சந்தை வியாபாரி விலையைக் குறைக்கிறார். சாற்றில் வேறுபாடு இல்லை என்று எவ்வளவு சொன்னாலும் அவர் கேட்பது தோலைப் பற்றித்தான். ஆகவே பறித்தவுடன் பழங்களைத் தரம் பிரித்து, தழும்பு உள்ளவற்றை எல்லவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சாறு பிழிந்து கொடுக்கும் கடைகளுக்கு நேரே கொடுக்கிறோம். அங்கே தோலை யாரும் பார்ப்பதில்லை. தேசியில் தழும்பு உள்ளவை ஊறுகாய்க்குப் போகின்றன. மருந்துக்குச் செலவழித்த பணத்தைக் கழித்துப் பார்த்தால் இந்த விலைக் குறைப்பு எங்களைப் பாதிக்கவில்லை. தோடையை மட்டுமே நம்பி, பெரிய கடைகளுக்குப் பளபளப்பான பழம் கொடுப்பதாக ஒப்பந்தம் செய்திருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறாகவே இருக்கும். அவர் முதலில் தோட்டத்தின் ஒரு மூலையில் சில மரங்களுக்குப் பட்டை கட்டி, ஒரு முழுப் பருவம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. ஐப்பசி மழைக்குத் தளிர் வருவதற்கு முன்பே பட்டையைக் கட்டிவிட வேண்டும். தளிர் வந்த பிறகு கட்டினால், எறும்பு முதல் கூட்டத்தை மேலே குடியேற்றி முடித்திருக்கும்.